ரெண்டர் பாதியில் விழுகிறது: மெமரியா, டிஸ்க்கா?

முக்காலி · 3 பிப்ரவரி 2025, இரவு 10.42

பிளெண்டர் 4.2 (3டி மென்பொருள்), சைக்கிள்ஸ் (அதன் ரெண்டர் எஞ்சின்), ஆப்டிக்ஸ். ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி), ரேம் 32 ஜிபி, விண்டோஸ் 11. சி டிரைவ் 256 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவ் 1 டிபி. வீட்டின் உட்புறம், 300 ஃபிரேம், 4கே, மல்ட்டிலேயர் இஎக்ஸ்ஆர் (பல லேயர் கொண்ட படக் கோப்பு).

முதலில் "சிஸ்டம் இஸ் அவுட் ஆஃப் ஜிபியு மெமரி" என்றது. சில டெக்ஸ்ச்சர்களைச் சின்னதாக்கியதும் ஓடியது. இப்போது 80, 90 ஃபிரேம் தாண்டியதும் ஒரு செய்தியும் இல்லாமல் பிளெண்டர் மூடிக்கொள்கிறது. ஒருமுறை டிஸ்க் ஃபுல் என்றும் சொன்னது. டி டிரைவில் 400 ஜிபி காலியாக இருக்கிறது! 4.2-ல் மெமரி லீக் (எடுத்த மெமரியைத் திருப்பித் தராத பிழை) என்பதுதான் என் முடிவு. 3.6-க்கே திரும்பிவிடலாமா?

சல்லடை · 3 பிப்ரவரி, இரவு 11.15

திரும்ப வேண்டாம். லீக் என்று சொல்வதற்கு முன் ஒரு சோதனை: பிளெண்டரை மூடித் திறந்து, விழுகிற ஃபிரேமை மட்டும் தனியாக ரெண்டர் செய்யுங்கள்.

தனியாகவும் விழுந்தால் அந்த ஃபிரேமில் உள்ள ஏதோ ஒன்று கனம். தனியாக ஓடி, 1-லிருந்து வரும்போது மட்டும் விழுந்தால் ஏதோ சேர்ந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஃபிரேமில், கணக்கே இல்லாமல் விழுந்தால் காட்சியை விட்டுவிட்டு ரேமைச் சந்தேகப்படுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு வேகம் கூட்டியிருந்தால் அதை அணைத்து, ஓர் இரவு மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் நிரல்) ஓடட்டும்.

சல்லடை · 3 பிப்ரவரி, இரவு 11.50

நீங்கள் சொல்வது ஒரு பிழை இல்லை, மூன்று பிழை. இடமும் நாலு இருக்கிறது: கார்டின் மெமரி, ரேம், விண்டோஸின் கமிட் கணக்கு (நிரல்களுக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட மொத்த மெமரி), டிஸ்க். நாலில் எது நிரம்பியது என்பதைப் பிழைச் செய்தி பல நேரம் தவறாகச் சொல்லும். அதனால் செட்டிங்கில் கை வைக்கும் முன் அளந்துவிடுங்கள்.

டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ் பக்கம். ஜிபியு-வில் "டெடிகேட்டட்" என்பது கார்டில் உள்ள மெமரி. "ஷேர்டு" என்பது ரேமிலிருந்து கடன் வாங்குவது. டெடிகேட்டட் 11.5 தொட்டு ஷேர்டு ஏறத் தொடங்கினால் ரெண்டர் விழாது, ஆனால் படு மெதுவாகும். சைக்கிள்ஸ் இடம் போதாதபோது டெக்ஸ்ச்சர்களை ரேமுக்குத் தள்ளிவிட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே எட்டி எட்டிப் படிக்கும். திடீரென ஒரு ஃபிரேம் 3 நிமிடத்திலிருந்து 15-க்குப் போனால் பெரும்பாலும் இதுதான்.

மெமரி பக்கத்தில் "இன் யூஸ்" மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். அதன் கீழே "கமிட்டட்" என்று இரண்டு எண் இருக்கும், 31/40 என்பது போல. எனக்கு அதுதான் வேண்டும். முதல் ஃபிரேமிலும், 40-லும், 75-லும் எழுதி வையுங்கள். சி டிரைவின் காலியிடத்தையும் கூடவே எழுதுங்கள். டி போதாது, சி.

முக்காலி · 4 பிப்ரவரி, காலை 7.20

85 தனியாக ஓடியது. 1-லிருந்து போனால் 87-ல் விழுந்தது. கமிட்டட்: முதல் ஃபிரேமில் 33/39.8, 40-ல் 36, 75-ல் 39.1. இன் யூஸ் எப்போதுமே 26 ஜிபி சுற்றித்தான். சி டிரைவில் 11 ஜிபி இருக்கிறது, அது போதாதா?

சல்லடை · 4 பிப்ரவரி, காலை 8.05

சி-யில் 11 ஜிபி இருக்கிறது என்பது மாதக் கடைசியில் பையில் 50 ரூபாய் இருக்கிறது என்பது போல. அதற்குப் பிறகு வருகிறேன்.

39.8 என்றால் 32 ஜிபி ரேம், மேலே 8 ஜிபி பேஜ் ஃபைல் (ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கும் கோப்பு), கையால் நிர்ணயித்தது. எஸ்எஸ்டி தேயும் என்று யாரோ சொல்லிச் சுருக்கியிருப்பீர்கள். விண்டோஸில் கமிட் வரம்பு என்பது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த தொகை. ஒரு நிரல் இடம் கேட்டு வாங்கியவுடனே, அதைத் தொடாவிட்டாலும், இந்தக் கணக்கில் ஏறிவிடும். ரேமில் 6 ஜிபி சும்மா இருந்தாலும் கணக்கு நிரம்பிவிட்டால் அடுத்து கேட்பவருக்குக் கிடைக்காது. பல நிரல்கள் அந்த இடத்திலேயே சத்தமில்லாமல் விழும். உங்கள் 87 அதுதான்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது: விண்டோஸில் கார்டின் மெமரியில் ஒதுக்குகிற இடத்துக்கும் பின்புலமாகக் கமிட் கணக்கில் இடம் பிடிக்கப்படும். கார்டில் 11 ஜிபி நிரப்பினால், ரேமைத் தொடாமலே கமிட் 11 ஜிபி ஏறலாம். ரெண்டருக்கென்று நாலு கார்டு வைத்திருப்பவர்கள் பேஜ் ஃபைலைப் பெரிதாக வைப்பது இதற்காகத்தான், ரேம் பற்றாமல் இல்லை.

செய்ய வேண்டியது: ரன் பெட்டியில் எஸ்ஒய்எஸ்டிஎம் புள்ளி சிபிஎல். அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடி அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். தானியங்கி டிக்கை எடுங்கள். சி-யில் 4096 விட்டு, டி-யில் ஆரம்பம் 32768, உச்சம் 65536 எம்பி. "செட்" அழுத்தாமல் ஓகே கொடுத்தால் ஒன்றும் மாறாது, நிறைய பேர் அங்கே வழுக்குவார்கள். ரீஸ்டார்ட். டி சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றாலும் பரவாயில்லை. கணக்கில் இருந்தால் போதும், அதில் எழுதிப் படிக்கிற வேலை பெரிதாக இருக்காது.

அரைவட்டம் · 4 பிப்ரவரி, காலை 9.31

இவ்வளவு எதற்கு? 24 ஜிபி கார்டு வாங்குங்கள், முடிந்தது.

சல்லடை · 4 பிப்ரவரி, காலை 9.44

அவருடைய 87-ஆம் ஃபிரேம் 24 ஜிபி கார்டிலும் விழும். கமிட் இன்னும் சீக்கிரம் நிரம்பி 60-லேயே விழலாம்.

சல்லடை · 4 பிப்ரவரி, மதியம் 1.10

இனி, கமிட்டை 33-லிருந்து 39-க்கு ஏற்றுவது யார்? பேஜ் ஃபைல் கூட்டினால் 300 வரை தள்ளிக்கொண்டு போகலாம், ஆனால் ஏறுகிற காரணம் அப்படியே இருக்கும். முக்காலி, காட்சியில் துணி, முடி, புகை ஏதாவது சிமுலேஷன் உண்டா? ரெண்டர் பக்கத்தில் "பெர்சிஸ்டன்ட் டேட்டா" டிக் இருக்கிறதா?

முக்காலி · 4 பிப்ரவரி, மாலை 6.02

ஜன்னல் திரைச்சீலை ஆடும். கிளாத். பேக் செய்யவில்லை (முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கவில்லை), ரெண்டர் ஓடும்போதே கணக்கிட்டுக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பெர்சிஸ்டன்ட் டேட்டா டிக் இருக்கிறது, வேகமாகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

சல்லடை · 4 பிப்ரவரி, மாலை 6.40

வேகமாகும்தான். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காட்சித் தரவை இறக்காமல் வைத்திருப்பதால் வேகம். அந்த வேகத்துக்கு விலை மெமரி. கேமரா மட்டும் நகர்கிற காட்சிக்கு நல்லது. கார்டில் இடம் நெருக்கடியாக இருக்கும்போது முதலில் எடுக்க வேண்டிய டிக்கும் அதுவே.

திரைச்சீலைக்கு வருவோம். கிளாத் கேச் வழக்கமாக ரேமில்தான் சேரும். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம், வேகம், இன்னொரு திசையன் என 9 எண்கள், 36 பைட். திரைச்சீலை எத்தனை வெர்டெக்ஸ் (புள்ளி)? 2 லட்சம் என்று வைத்தால் ஃபிரேமுக்கு 7.2 எம்பி, 300 ஃபிரேமுக்கு 2.2 ஜிபி. ஜன்னலுக்கு இரண்டு சீலை, மூன்று ஜன்னல் என்றால் 13 ஜிபி. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரு படி ஏறும், இறங்கவே இறங்காது.

கோப்பை முதலில் டி-யில் சேமியுங்கள். ஃபிசிக்ஸ், கேச், "டிஸ்க் கேச்" டிக், பிறகு பேக். பிளெண்ட் கோப்பின் பக்கத்திலேயே பிளெண்ட்கேச் என்று தொடங்கும் ஃபோல்டர் உருவாகி, ஃபிரேமுக்கு ஒரு கோப்பு விழும். டிஸ்க் கேச் இல்லாமல் பேக் செய்தால் அந்த ஜிபிக்கள் பிளெண்ட் கோப்புக்குள்ளேயே போய் உட்காரும். அதை 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டோசேவ் டெம்ப் ஃபோல்டரில் எழுதும், நீங்கள் சேவ் செய்யும்போது பழையது பிளெண்ட்1 என்று இன்னொரு பிரதியாக நிற்கும். மெமரிப் பிரச்சினை இந்த வழியாக டிஸ்க் பிரச்சினையாக மாறும்.

முக்காலி · 4 பிப்ரவரி, இரவு 9.15

ஒரு சீலைக்கு 1.9 லட்சம் வெர்டெக்ஸ். மொத்தம் நாலு சீலை.

சல்லடை · 4 பிப்ரவரி, இரவு 9.22

சீலைக்கு 6.84, நாலுக்கு 27 எம்பி ஒரு ஃபிரேமுக்கு. 75 ஃபிரேமுக்கு 2 ஜிபி. நீங்கள் அளந்தது 6 ஜிபி ஏற்றம். மீதி 4 எங்கே என்று இன்னும் தெரியவில்லை. சீலையோடு விஷயம் முடியவில்லை.

(ஓரமாக: திரைச்சீலைக்கு 1.9 லட்சம் வேண்டாம். 12 ஆயிரத்தில் சிமுலேட் செய்து, கிளாத் மாடிஃபையருக்குக் கீழே சப்டிவிஷன் (மெஷ்ஷை நுணுக்கமாகப் பிரிக்கும் மாடிஃபையர்) போட்டால் போதும். தூரத்து ஜன்னலில் நூலிழை எண்ண யாரும் வரப்போவதில்லை.)

சல்லடை · 5 பிப்ரவரி, காலை 6.50

மீதி 4 ஜிபிக்கு ஒரு சந்தேகம். வியூபோர்ட் (நீங்கள் வேலை செய்யும் காட்சிப் பகுதி) எந்த நிலையில் இருக்கிறது? "ரெண்டர்டு" நிலையில் விட்டுவிட்டு எஃப்12 அழுத்தினால் காட்சி இரண்டு தடவை மெமரியில் ஏறும்: வியூபோர்ட்டுக்கு ஒன்று, ரெண்டருக்கு ஒன்று. மெட்டீரியல் பிரிவ்யூவும் டெக்ஸ்ச்சர்களைக் கார்டில் வைத்துக்கொள்ளும். ஃபிரேம் மாறும்போது வியூபோர்ட்டும் தன் பங்குக்குக் காட்சியைப் புதுப்பிக்கும். சாலிடுக்கு மாற்றி, ரெண்டர் மெனுவில் "லாக் இன்டர்ஃபேஸ்" போடுங்கள்.

இதைவிடச் சுத்தமான வழி, பிளெண்டர் விண்டோவே திறக்காமல் கமாண்டு லைனில் ஓட்டுவது. பிளெண்டர், பிறகு ஹைஃபன் பி, கோப்பின் பெயர், ஹைஃபன் எஸ் 1, ஹைஃபன் இ 25, கடைசியாக ஹைஃபன் ஏ. வரிசை முக்கியம். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும், ஏ-யை முன்னால் போட்டால் எஸ், இ இரண்டையும் படிப்பதற்கு முன்பே ரெண்டர் தொடங்கிவிடும். 1-25, 26-50 என்று 12 வரிகளை ஒரு பேட்ச் கோப்பில் எழுதினால் ஒவ்வொரு 25-க்கும் பிளெண்டர் மூடித் திறக்கும், சேர்ந்ததெல்லாம் இறங்கிவிடும். சீலையை முன்பே டிஸ்க்கில் பேக் செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 26-ல் தொடங்கும் தொகுப்புக்குத் திரைச்சீலையின் கதை தெரியாது.

முக்காலி · 5 பிப்ரவரி, இரவு 11.30

வியூபோர்ட் ரெண்டர்டில்தான் இருந்தது. சாலிட், டிஸ்க் கேச், பெர்சிஸ்டன்ட் டேட்டா எடுத்தது, பேஜ் ஃபைல் டி-யில். கமிட்டட் 27-லேயே நிற்கிறது, 150 தாண்டிவிட்டது. ஆனால் 163-ல் மறுபடி டிஸ்க் ஃபுல். அவுட்புட் டி-யில்தான் போகிறது, 290 ஜிபி காலி.

சல்லடை · 6 பிப்ரவரி, காலை 7.05

இப்போது அந்த 50 ரூபாய்க்கு, அதாவது சி டிரைவின் 11 ஜிபிக்கு, வருவோம்.

பிளெண்டர் 3.0 முதல் பெரிய படத்தை 2048 பிக்சல் பக்கமுள்ள டைல்களாக (சதுரத் துண்டுகளாக) வெட்டுகிறது. முடிந்த டைலை மெமரியில் வைக்காமல் டெம்ப் ஃபோல்டரில் இஎக்ஸ்ஆர் ஆக எழுதிவைத்து, எல்லாம் முடிந்ததும் திரும்பப் படித்து ஒட்டும். உங்கள் 3840×2160 இரண்டு பக்கத்திலும் 2048-ஐத் தாண்டுகிறது. ஆக ஒவ்வொரு ஃபிரேமும் சி-யில் உள்ள டெம்பைத் தொட்டுத்தான் போகிறது. அவுட்புட் எங்கே என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒழுங்காக முடிந்தால் அழித்துவிடும். விழுந்தால் அழிக்க யாருமில்லை.

யூசர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், டெம்ப் போய்ப் பாருங்கள். பிளெண்டர் என்று தொடங்கி, அடிக்கோடு, எழுத்தும் எண்ணும் கலந்த பெயரில் ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு விழுந்த ரெண்டர். பிளெண்டரை மூடிவிட்டு எல்லாவற்றையும் அழிக்கலாம். பிறகு சி-யின் வேரில் டிஎம்பி என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அவுட்புட் பாதையை மாற்ற மறந்த ரெண்டர்கள் எல்லாம் அங்கேதான் போயிருக்கும். 0001 என்று தொடங்கும் பழைய படங்கள் பல ஜிபி கிடைத்தால் ஆச்சரியமில்லை.

நிரந்தரத் தீர்வு: பிரிஃபரன்சஸ், ஃபைல் பாத்ஸ், "டெம்பரரி ஃபைல்ஸ்", டி-யில் ஒரு ஃபோல்டர். அங்கேயே "ரெண்டர் கேச்" பாதையையும் மாற்றுங்கள். அவுட்புட்டில் "கேச் ரிசல்ட்" டிக் தேவையில்லாமல் இருந்தால் எடுங்கள், அது ஒவ்வொரு ரெண்டரையும் இன்னொரு இஎக்ஸ்ஆர் ஆக எழுதும்.

சி-யில் இன்னும் இடம் வேண்டுமென்றால் ஹைபர்னேஷன் கோப்பு இருக்கிறது. விண்டோஸ் வழக்கமாக ரேமில் 40% அளவுக்கு வைத்திருக்கும், உங்களுக்கு 12, 13 ஜிபி. ஹைபர்னேட் பயன்படுத்தாதவர் அட்மின் கமாண்டு விண்டோவில் பவர்சிஎஃப்ஜி, சாய்கோடு ஹெச், ஆஃப். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போய்விடும், தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

சல்லடை · 6 பிப்ரவரி, காலை 7.31

முக்கியமானது: 163-லிருந்து மறுபடி தொடங்கும் முன் டி-யில் உள்ள ஃபிரேம்களை அளவு வாரியாக வரிசைப்படுத்துங்கள்.

"ஓவர்ரைட்" எடுத்துவிட்டு "பிளேஸ்ஹோல்டர்ஸ்" போட்டிருப்பவர்களுக்கு இது கண்ணி. பிளேஸ்ஹோல்டர் என்பது ரெண்டர் தொடங்கியதும் போடப்படும் 0 பைட் கோப்பு. எஸ்கேப் அழுத்தி நிறுத்தினால் பிளெண்டரே எடுத்துவிடும், விழுந்தால் அப்படியே கிடக்கும். அடுத்த ஓட்டத்தில் "இந்த ஃபிரேம் இருக்கிறதே" என்று தாண்டிப் போகும். கடைசியில் எடிட்டிங் மேசையில் ஒரு கறுப்பு ஃபிரேம் மின்னும்.

0 பைட்டை மட்டும் தேடினால் போதாது. டிஸ்க் நிரம்பி நின்ற கோப்பு பாதி எழுதப்பட்டிருக்கும். இஎக்ஸ்ஆர் தலைப்பை அடுத்து எந்த வரி எங்கே என்ற அட்டவணைக்கு இடம் விட்டு, கோப்பை மூடும்போதுதான் அதை நிரப்பும். பாதியில் நின்றால் அட்டவணை காலி. சில நிரல்கள் சமாளித்து மேல்பாதியைக் காட்டும், சில திறக்கவே மறுக்கும். பக்கத்து ஃபிரேம்கள் 180 எம்பி இருக்க ஒன்று மட்டும் 70 என்றால் அதை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.

நேரடியாக எம்பி4 எழுதுபவர்களுக்கு இந்தச் சலுகைகூட இல்லை. அதன் குறியீட்டு அட்டவணை வழக்கமாகக் கோப்பின் கடைசியில் எழுதப்படுகிறது. பாதியில் நின்றால் 299 ஃபிரேமும் சேர்ந்து போகும். படங்களாக எழுதி, பிறகு வீடியோ ஆக்குங்கள்.

மூன்றாம்பிறை · 6 பிப்ரவரி, மதியம் 12.18

நடுவில் நுழைகிறேன். லினக்ஸ், ஃபெடோரா. "நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்" என்கிறது, டிஎஃப் கட்டளையில் பார்த்தால் 600 ஜிபி காலி. இன்னொரு நாள் வெறும் "கில்டு" என்று ஒரு சொல், அவ்வளவுதான்.

சல்லடை · 6 பிப்ரவரி, மதியம் 12.40

ஃபெடோராவில் டிஎம்பி ஃபோல்டர் டிஸ்க்கில் இல்லை, ரேமில் இருக்கிறது. உச்ச அளவு வழக்கமாக ரேமில் பாதி. பிளெண்டரின் டெம்ப்பும் அங்கேதான், மாற்றாத அவுட்புட்டும் அங்கேதான். உங்கள் "டிஸ்க் ஃபுல்" உண்மையில் ரேம் ஃபுல். அதே காரணம்தான் "கில்டு"க்கும்: டெம்ப் கோப்புகள் ரேமைத் தின்ன, கர்னல் பெரிய ஆளாகப் பார்த்து பிளெண்டரைக் கொன்றது. டிமெஸ்ஜி கட்டளையில் "அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்" என்ற வரி இருக்கும். ஸ்கிரிப்டில் வெளியேறும் எண் 137 என்றாலும் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். டெம்ப்பை ஹோம் பக்கம் மாற்றுங்கள்.

அதற்குப் பிறகும் வந்தால் டிஎஃப்-ஐ ஹைஃபன் ஐ சேர்த்து ஓட்டுங்கள், ஐநோடு (கோப்புக்கு ஒன்று வேண்டிய பதிவு) எண்ணிக்கை காட்டும். இஎக்ஸ்டி4-ல் ஃபார்மட் செய்யும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை முடிவாகிவிடும், வழக்கமாக 16384 பைட்டுக்கு ஒன்று. குட்டிக் குட்டி கேச் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இடம் இருந்தும் ஐநோடு தீரும். பிழைச் செய்தி இரண்டுக்கும் ஒன்றே. (புது ஃபெடோரா ஹோமில் பிடிஆர்எஃப்எஸ் இருக்கும், அதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளி டிஸ்க் எது என்று பாருங்கள்.)

இஎக்ஸ்டி4 இன்னொன்றும் செய்யும்: 5% இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கிவைக்கும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. வெறும் ரெண்டர் வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ், ஹைஃபன் எம் 1 கொடுத்து 1% ஆக்கலாம். சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் செய்யாதீர்கள்.

அரைவட்டம் · 6 பிப்ரவரி, மாலை 4.00

எனக்கும் ஒன்று. பென் டிரைவில் 50 ஜிபி காலி, 6 ஜிபி அலெம்பிக் கோப்பு ஏறமாட்டேன் என்கிறது.

சல்லடை · 6 பிப்ரவரி, மாலை 4.03

ஃபேட்32. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்யுங்கள். ஆனால் எக்ஸ்ஃபேட்டில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸ் போடும் கிளஸ்டர் 128 கேபி, 2 கேபி கேச் கோப்பும் 128 கேபி பிடிக்கும். சிமுலேஷன் கேச்சை அதில் வைக்காதீர்கள், ஜிப் செய்து கொண்டுபோங்கள்.

சல்லடை · 7 பிப்ரவரி, இரவு 10.20

முதல் பிழைக்கு, அதாவது கார்டு மெமரிக்கு, யாரும் திரும்பிப் போகவே இல்லை. முக்காலி "சில டெக்ஸ்ச்சர்களைக் குறைத்தேன்" என்று எழுதியிருந்தார். எதை என்று சொல்லவில்லை. கண்மூடிக் குறைப்பவர்கள் பெரும்பாலும் தவறானதைக் குறைப்பார்கள்.

டிஸ்க்கில் ஜேபெக் 6 எம்பியா 30 எம்பியா என்பது பொருட்டே இல்லை. கார்டுக்குப் போகும்போது விரிந்துதான் போகும். 8192×8192 வண்ணப்படம், சானலுக்கு 8 பிட்: 256 எம்பி. ஆல்ஃபா இல்லாவிட்டாலும் நாலு சானலாகத்தான் வைக்கும். 16 பிட் என்றால் 512, 32 பிட் என்றால் 1 ஜிபி. பாதியாகக் குறைத்து 4096 ஆக்கினால் கால்பங்கு, 64 எம்பி.

ஒரு மரத்தரைக்கு வண்ணம், ரஃப்னெஸ், நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட் என நாலு 8கே படம் போட்டால் 1 ஜிபி. பத்துப் பொருளுக்கு 10 ஜிபி, 12 ஜிபி கார்டு ஏறக்குறைய நிரம்பிவிடும்.

இதில் இலவசமாகக் கிடைக்கிற ஒரு சேமிப்பு: ரஃப்னெஸ், டிஸ்பிளேஸ்மென்ட் இரண்டும் கறுப்பு வெள்ளைதான், ஆனால் பல தளங்கள் அதை ஆர்ஜிபி ஜேபெக் ஆகக் கொடுக்கின்றன. கிம்ப்பில் திறந்து, இமேஜ், மோடு, கிரேஸ்கேல் என்று மாற்றி பிஎன்ஜி ஆக ஏற்றுமதி செய்தால் ஒரே சானல், 256 எம்பி 64 ஆகும். ஒரு பிக்சல்கூட தரம் குறையாது.

எச்டிஆர்ஐ (சுற்றுப்புற ஒளிக்கான படம்): 16கே படம் 32 பிட்டில் 2 ஜிபி. இமேஜ் பண்புகளில் "ஹாஃப் ஃப்ளோட் பிரிசிஷன்" போட்டால் 1 ஜிபி. ஜன்னல் வழியே வெளிச்சம் மட்டும் வருகிறது, வானம் கேமராவில் தெரியவில்லை என்றால் 4கே போதும், 128 எம்பி.

எது எவ்வளவு தின்கிறது என்று ஊகிக்க வேண்டாம். கமாண்டு லைனில் வரியின் கடைசியில் இரண்டு ஹைஃபன், இடைவெளி, மறுபடி இரண்டு ஹைஃபன், சைக்கிள்ஸ்-பிரிண்ட்-ஸ்டாட்ஸ் என்று சேர்த்து ஒரு ஃபிரேம் போடுங்கள். மெஷ், படம் ஒவ்வொன்றும் பெயரோடும் எம்பியோடும் பட்டியலாக வரும். மேலிருந்து ஐந்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் போதும்.

அவசரத்துக்கு "சிம்ப்ளிஃபை" பக்கத்தில் டெக்ஸ்ச்சர் லிமிட் 4096 வைக்கலாம். ஆனால் அது எல்லாப் படத்தையும் ஒரே கத்தியால் வெட்டும், கேமராவுக்கு முன்னால் இருக்கும் மேசையையும் சேர்த்து.

முக்காலி · 8 பிப்ரவரி, காலை 9.50

பட்டியல் எடுத்தேன். படங்கள் 5.1 ஜிபி, மெஷ் 3.8 ஜிபி! முதல் இடத்தில் சோபா குஷன். 12 குஷன், எல்லாம் ஆல்ட்+டி போட்டு எடுத்தது. ஆல்ட்+டி என்றால் ஒரே மெஷ்தானே, ஏன் 12 தடவை எண்ணுகிறது?

சல்லடை · 8 பிப்ரவரி, காலை 10.15

குஷனில் சப்டிவிஷன் மாடிஃபையர் இருக்கும்.

ஆல்ட்+டி மூல மெஷ்ஷை மட்டும்தான் பகிர்கிறது. மாடிஃபையர் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டிலும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டு 12 தனி மெஷ்ஷாகத்தான் சைக்கிள்ஸுக்குப் போகும். 20 ஆயிரம் முகம், லெவல் 3: ஒவ்வொரு லெவலுக்கும் நாலு மடங்கு, ஆக 64 மடங்கு, 12.8 லட்சம். 12 குஷனுக்கு 1.5 கோடி நாற்கோணம், முக்கோணமாக எண்ணினால் 3 கோடி.

வழி ஒன்று: ஒரு குஷனில் மாடிஃபையரை அப்ளை செய்துவிட்டு அதை ஆல்ட்+டி போடுவது. வழி இரண்டு, எனக்குப் பிடித்தது: குஷனை ஒரு கலெக்ஷனில் வைத்து, கலெக்ஷன் இன்ஸ்டன்ஸாகப் பரப்புவது. மாடிஃபையரும் உயிரோடு இருக்கும், மெஷ்ஷும் ஒன்றே. ஜியாமெட்ரி நோட்ஸில் பரப்பினால் "ரியலைஸ் இன்ஸ்டன்சஸ்" நோடு எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு நோடு மொத்தச் சேமிப்பையும் விழுங்கும்.

அதற்கும் முன்பு, குஷனுக்கு லெவல் 3 எதற்கு?

அரைவட்டம் · 8 பிப்ரவரி, காலை 11.02

பழைய 8 ஜிபி கார்டும் கூடவே செருகினால் 20 ஜிபி ஆகுமா?

சல்லடை · 8 பிப்ரவரி, காலை 11.20

ஆகாது. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் தனக்குள் வைக்க வேண்டும். காட்சி 9 ஜிபி என்றால் 12-ல் அடங்கும், 8-ல் அடங்காது. அந்தக் கார்டு ரேமிடம் கடன் வாங்கி இழுக்கும், அல்லது பிழை கொடுக்கும். மெமரியைப் பகிர சைக்கிள்ஸில் ஒரு தேர்வு உண்டு, ஆனால் இரண்டு கார்டையும் என்விலிங்க் இணைக்க வேண்டும். 3060-ல் அது கிடையாது, 40 வரிசையில் யாருக்குமே கிடையாது. மானிட்டரைப் பழைய கார்டில் செருகிவிட்டு ரெண்டருக்கு 3060-ஐ மட்டும் டிக் செய்யுங்கள். டெஸ்க்டாப்பும் பிரவுசரும் தின்கிற இடம் மிச்சமாகும். பழைய கார்டுக்கு அதுவே நல்ல வேலை.

முக்காலி · 9 பிப்ரவரி, இரவு 8.44

டெம்ப் ஃபோல்டரில் விழுந்த ரெண்டர்கள் 31 ஜிபி, டிஎம்பி-யில் 14 ஜிபி. கார்டு இப்போது 7.2 ஜிபி. 300-ம் முடிந்தது. மூன்று ஃபிரேம் அளவு குறைவாக இருந்தது, அழித்து மறுபடி போட்டேன். ஒரு கவலை மிச்சம்: 300 ஃபிரேமுக்கு 58 ஜிபி. இன்னும் நாலு ஷாட் இருக்கிறது.

சல்லடை · 9 பிப்ரவரி, இரவு 9.30

4கே-யில் ஒரு ஆர்ஜிபிஏ லேயர், 32 பிட், சுருக்காமல் 127 எம்பி. ஹாஃப் என்றால் 63. நீங்கள் கிரிப்டோமேட் (பொருள்களைத் தனித்தனியே பிரித்தெடுக்க உதவும் லேயர்கள்) மூன்று வகையும் போட்டிருந்தால் ஆழம் 6-க்கு வகைக்கு மூன்று, மொத்தம் 9 லேயர். டிஸ்க்கில் அது நன்றாகச் சுருங்கும், பாதிக்கு மேல் வெறும் பூஜ்யம். மெமரியில் சுருங்காது, 1.1 ஜிபி முழுதாக நிற்கும். அசெட் வகையை கம்போசிட்டிங்கில் தொடப்போவதில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

கிரிப்டோமேட்டை ஹாஃபில் எழுதாதீர்கள், டிடபிள்யுஏஏ போன்ற தரம் இழக்கும் சுருக்கத்திலும் எழுதாதீர்கள். அதில் உள்ளவை நிறம் இல்லை, பொருளின் அடையாள எண். ஒரு பிட் மாறினாலும் வேறு பொருள். ஆகவே கம்போசிட்டரில் இரண்டு ஃபைல் அவுட்புட் நோடு: கிரிப்டோமேட் மட்டும் 32 பிட், ஜிப். மற்ற பாஸ்கள் ஹாஃப், டிடபிள்யுஏஏ. டெப்த்தை ஜிப் பக்கம் வையுங்கள், ஹாஃபில் தூரத்துச் சுவர் படி படியாக உடையும்.

இரைச்சல் உள்ள படம் ஜிப்பில் சுருங்காது. டீநாய்ஸ் செய்த படத்தையும் வைத்து, "நாய்ஸி இமேஜ்", ஆல்பிடோ, நார்மல் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறீர்களா? "டீநாய்சிங் டேட்டா" டிக் அதைத்தான் செய்யும். பிறகு மறுபடி டீநாய்ஸ் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும் வையுங்கள்.

முக்காலி · 9 பிப்ரவரி, இரவு 9.41

மூன்றும் எழுதுகிறேன். எடுத்துவிடுகிறேன்.

சல்லடை · 16 பிப்ரவரி, காலை 6.15

மேக்கில் இதே இழையைப் படித்து ஃபிரேம்களை அழித்தும் இடம் வரவில்லை என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். டைம் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க்கிலேயே ஸ்னாப்ஷாட்கள் இருக்கும், அழித்த கோப்பின் இடம் அவை போகும்வரை திரும்பாது. டெர்மினலில் டிஎம்யுடில், லிஸ்ட்லோக்கல்ஸ்னாப்ஷாட்ஸ், இடைவெளி, சாய்கோடு. பட்டியலில் தேதியோடு வரும். அந்தத் தேதியை டெலீட்லோக்கல்ஸ்னாப்ஷாட்ஸ் கட்டளைக்குக் கொடுத்து ஒவ்வொன்றாக எடுக்கலாம். விண்டோஸ் ஆட்கள் அதற்கு முன் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், 58 ஜிபி இஎக்ஸ்ஆர் அங்கேதான் கிடக்கும்.